நாலாவது அடுப்பு

அத்தியாயம் 3

"எவ்வளவு எழுதட்டும் சார்?"

காலையிலிருந்து மாரீஸ்வரி இதை ஏழாவது முறையாகக் கேட்டாள். அவள் மடியில் ஒரு வெள்ளைத் தாளும் ஒரு பழுப்புக் கவரும் இருந்தன. சாயங்காலம் நாலு மணிக்குள் அந்தத் தாளில் ஒரு தொகையை எழுதி, கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு தடவைதான். அப்புறம் கூட்டிக் கேட்கவும் முடியாது, குறைத்துக் கேட்கவும் முடியாது. மணி பதினொன்றேகால்.

எதிரே உட்கார்ந்திருந்த துப்பறிவாளர் ஞானசம்பந்தம் நிதானமாக வடையைப் பிய்த்துச் சட்னியில் தொட்டுக்கொண்டிருந்தார். காரைக்குடியில் ஒரு டியூப்லைட் கடை மாடியில் அவர் ஆபீஸ். முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரிக்கிற வேலைதான். அதற்கு முன்னால் நகரத்தார் கோயில் ஒன்றில் இருபது வருஷம் குமாஸ்தா. வீடு வாங்கப் போகிறவள் துப்பறிவாளரிடம் வந்து விலை கேட்பதை இந்த ஜில்லாவில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மாரீஸ்வரிக்கு வேறு போக்கிடம் இல்லை.

"சாருக்கு வடை தீருற வரைக்கும் மூளை ஸ்டார்ட் ஆகாதுக்கா. கிக்கர் பழசு," என்றாள் அசிஸ்டெண்ட் பெல்சி. இருபத்தாறு வயது, வாய்க்கு மட்டும் அறுபது.

மாரீஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மெஸ் நடத்தும் வாடகைக் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். காலி செய்ய இன்னும் பன்னிரண்டே நாள். விறகடுப்புப் புகைக்கு எவரும் வாடகைக்கு இடம் தருவதாக இல்லை. கணவன் பாண்டியராஜன் லாரியில் அடிபட்டு ஒரு காலை இழந்ததிலிருந்து அந்த மெஸ்தான் வீட்டுக்குச் சோறு போடுகிறது. அவளை நம்பி ஆறு பெண்கள் வேறு வேலைக்கு வருகிறார்கள்.

கடைசியில் மானகிரியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு அகப்பட்டது. சிறிய வீடுதான், ஆனால் சமையல்கட்டு மட்டும் நூறு பேருக்குச் சமைக்கிற அளவு. அதன் கூரைதான் பாதி விழுந்து கிடந்தது. கேட்ட விலை முப்பத்து நாலு லட்சம். பேங்க் லோன், வயலை விற்றது எல்லாம் சேர்த்து மாரீஸ்வரியிடம் இருந்தது இருபத்தெட்டு. கொல்லைப்பக்கம் ஏணி வைத்துப் பார்த்த கொத்தனார், கூரைக்கு ஆறு ஆகும் என்று சொல்லிவிட்டார்.

"தரகர் சத்தியமூர்த்தி சொன்னாரு, கோயம்புத்தூர் ஓட்டல்காரர் ஒருத்தர் போட்டிக்கு நிக்கிறாராம். முப்பத்து மூணுக்குக் குறைஞ்சு எழுத மாட்டாராம். அவர் கவர்ல என்ன இருக்குன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அதுக்கு மேல ஆயிரம் ரூபா வச்சு எழுதிர்றேன்."

"இருபத்தெட்டுதானே இருக்கு?"

"சங்கிலி இருக்கு. மெஸ் பாத்திரம் பூராத்தையும் வித்துருவேன்."

"கூரை?"

"தார்ப்பாய் கட்டிக்குவேன்."

"பாத்திரத்தை வித்துட்டு, தார்ப்பாய்க்குக் கீழ எதுலக்கா சமைப்பீக? உள்ளங்கையிலயா?" என்றாள் பெல்சி.

மாரீஸ்வரியின் கண் கலங்கிவிட்டது. பெல்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஞானசம்பந்தம் கடைசித் துண்டு வடையை வாயில் போட்டுக் கை துடைத்தார்.

"கவரைப் பிறகு பாப்போம். மொதல்ல வீட்டைக் காட்டுங்க."

பன்னிரண்டு மணிக்கு மானகிரியில் இருந்தார்கள். வாசலில் தரகர் சத்தியமூர்த்தி சாவிக்கொத்தோடு நின்றார். வெள்ளைச் சட்டைப் பையில் நாலு பேனா, எதுவும் எழுதுகிற மாதிரித் தெரியவில்லை.

"வாங்க, வாங்க. நல்லாப் பாருங்க. நேத்து கோயம்புத்தூர் பார்ட்டி மூணு மணி நேரம் சல்லடை போட்டுச் சலிச்சுட்டுப் போனாரு. சமையல்கட்டுக்குள்ள நின்னு டேப் வச்சு அளந்தாருன்னா பாத்துக்கோங்க. ஆளு ரொம்ப ஆசையா இருக்காரு."

சத்தியமூர்த்தி சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போன் பேசத் தெருமுனைக்குப் போனார்.

நிலைக்கு மேலே சுதையில் 'சி. வெ.' என்று எழுதியிருந்தது. உள்ளே முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த கல் வாசல், சுற்றிலும் அறைகள். தூண்களில் பர்மாத் தேக்கு இன்னும் மினுமினுத்தது. மாரீஸ்வரி தூணைப் பார்க்கவில்லை. இங்கே பந்தி போடலாம், அங்கே கை கழுவக் குழாய் வைக்கலாம் என்று அவள் மனசு பாட்டுக்கு ஓடியது. கிடைக்காத வீட்டில் குடியேறிவிட்ட மனசை என்ன சொல்லித் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சாவி போகலையே சார்," என்று சமையல்கட்டுக் கதவருகிலிருந்து பெல்சி குரல் கொடுத்தாள்.

"எனக்கும் போகல. தரகர் பூட்டு மக்கர் பண்ணுதுன்னாரு. நான் கொல்லைப்பக்கமா வந்து ஓட்டை வழியாத்தான் எட்டிப் பாத்தேன்," என்றாள் மாரீஸ்வரி.

ஞானசம்பந்தம் குனிந்து பூட்டுத் துவாரத்தைப் பார்த்தார். அப்புறம் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு உயிர் வந்தது.

"இங்க வாங்கம்மா. என்ன தெரியுது?"

துவாரம் முழுக்க மண். வழவழவென்று பூசி, காய்ந்து இறுகிப் போயிருந்தது.

"குளவிக்கூடு," என்றாள் மாரீஸ்வரி.

"ஒருநாள்ல கட்டுன கூடா இது? பாருங்க, குஞ்சு பொரிச்சு ஓட்டை போட்டு வெளியவே போயிருச்சு. ஒரு மாசத்துக்குக் குறையாது. கொல்லைப்பக்கம் வேற கதவு?"

"இல்ல."

"அப்ப நேத்து கோயம்புத்தூர்க்காரர் உள்ள நின்னு எப்படி அளந்தாரு?"

"குளவி முதுகுல ஏறிப் போயிருப்பாரு சார்," என்றாள் பெல்சி. "ஓட்டல்காரர் சமையல்கட்டைப் பாக்காமலே முப்பத்து மூணு லட்சம் எழுதுறாருன்னா, அந்த ஆளு பொறக்கவே இல்லக்கா."

மாரீஸ்வரி தூணைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வாரமாக அவள் தூக்கத்தைத் தின்ற ஆள் இல்லவே இல்லை. தரகருக்கு விலையில் நூற்றுக்கு இரண்டு. விலை ஏற ஏற அவர் பங்கும் ஏறும். அவ்வளவுதான் சங்கதி. அவளுக்குக் கோபம் வருவதற்கு முன்னால் சந்தோஷம் வந்துவிட்டது.

"அப்ப இருபத்திரண்டு எழுதிரலாமா சார்? கூரைக்கு ஆறு மிஞ்சும்!"

ஞானசம்பந்தம் வளவு வாசலின் கல் தரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். அங்கே கரி படிந்த வட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. பொங்கலுக்கு அடுப்பு வைத்த தடம். மார்கழிக்குப் பிறகு மழை இல்லாததால் அழியாமல் கிடந்தது.

"இந்த வீட்டுக்கு எத்தனை பங்காளினு சொன்னாரு?"

"மூணு பேரு. வள்ளியப்பன் செட்டியாரும் அவர் தம்பிக ரெண்டு பேரும். வாரிசுச் சான்றிதழை நானே பாத்தேன். தம்பிக மலேசியாவுல இருக்காக, பொங்கலுக்கு மட்டும் வருவாகளாம்."

"அடுப்பை எண்ணுங்க."

மூன்று பெரிய வட்டங்கள். அவற்றை ஒட்டி, சற்றுத் தள்ளி, சின்னதாக நாலாவது ஒன்று.

"இவுக வழக்கத்துல கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி," என்றார் ஞானசம்பந்தம். "புள்ளிக்கு ஒரு பானைனு பொங்கல் வைப்பாக. ஜோடில ஒருத்தர் போயிட்டா, மிச்சம் இருக்கிறவுக அரைப்புள்ளி. கோயில் வரியே அப்படித்தான், இருபது வருஷம் நானே வசூல் பண்ணிருக்கேன். இந்த வீட்ல பானையையும் அதே மாதிரி சின்னதாக்கி வச்சிருக்காக போல."

"அப்படின்னா…"

"நாலாவதா ஒரு பங்கு இருக்கும்மா. அந்தப் பங்கு ஒரு விதவைகிட்டயோ, மனைவியை இழந்தவர்கிட்டயோ இருக்கு. சான்றிதழ்ல அந்தப் பேரை மறைச்சிருக்காக. நீங்க எவ்வளவு எழுதினாலும் சரி, நாளைக்கு அந்த ஆளு கோர்ட்டுக்குப் போனா வீடும் போச்சு, காசும் போச்சு."

மாரீஸ்வரி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் இருபத்திரண்டுக்குக் கிடைக்க இருந்த வீடு இப்போது ஒரு ரூபாய்க்கும் வாங்க முடியாததாகிவிட்டது. பன்னிரண்டு நாள். பாண்டியராஜனிடம் என்ன சொல்வது? வேலைக்கு வருகிற பெண்களிடம்? வாய்விட்டு அழுதாள். பெல்சி பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினாள்.

"தாயி, இந்தா, தண்ணி குடி."

தெருவாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பது, ஐம்பத்தைந்து வயதிருக்கும். கட்டட வேலைக்குப் போகிறவள் என்று விரல்களைப் பார்த்ததும் தெரிந்தது. சுண்ணாம்பு அரித்து நகமெல்லாம் வெளுத்திருந்தது. எதிர்வீடாம், பேர் கருப்பியாம். அழுகைச் சத்தம் கேட்டு வந்தாளாம்.

"உள்ள வாங்கக்கா," என்றாள் பெல்சி.

"வேணாந்தாயி. இங்குட்டே நிக்கிறேன்."

நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே கையை மட்டும் நீட்டிச் சொம்பைக் கொடுத்தாள். மாரீஸ்வரி எழுந்து போய் வாங்கி அண்ணாந்து குடித்தாள். ஞானசம்பந்தம் கருப்பியிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். இந்த வீட்டில் நாலாவதாக யாராவது உண்டா? பொங்கலுக்கு யார் யார் வந்தார்கள்?

"எனக்கு என்னத்தத் தெரியும்? பெரிய வீட்டுச் சங்கதி," என்று கருப்பி தெருவைப் பார்த்துச் சொன்னாள்.

சொம்பைத் திருப்பிக் கொடுக்கப் போன மாரீஸ்வரியின் விரல் அதன் கழுத்தில் தடுக்கியது. பாத்திரம் அவளுடைய தொழில். அவள் மெஸ்ஸில் உள்ள பித்தளை அத்தனையும் காரைக்குடிப் பழைய சாமான் கடைகளில் வாங்கியது. ஒவ்வொன்றிலும் எந்தச் செட்டியார் வீட்டுச் சாமானோ, அந்த வீட்டு விலாச எழுத்துகள் வெட்டியிருக்கும். கல்யாணச் சீராக வரும் கரண்டிக்குக்கூடப் பெயர் வெட்டாமல் விடமாட்டார்கள். அவள் சொம்பைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள்.

'சி. வெ. அ.'

நிலைக்கு மேலே இருந்த அதே எழுத்து. கடைசியில் ஒன்று கூடுதல்.

"இந்தச் சொம்பைக் கடையில வாங்குனீகளா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கருப்பி சொம்பைப் பிடுங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஞானசம்பந்தம் மாரீஸ்வரியை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மெஸ்ஸை மூடிட்டு என் ஆபீசுக்கு வந்துருங்கம்மா."

"அப்ப நான்?" என்றாள் பெல்சி.

மாரீஸ்வரி எதிர்வீட்டுத் கனத்த கதவை மூன்று மணி வரை தட்டினாள். கடைசியில் கதவு திறந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்று மற்ற இருவருக்கும் தெரியாது. வெளியே வந்தபோது இரண்டு பெண்களின் கண்களும் ஒரே மாதிரி சிவந்திருந்தன.

நாலு மணி. முகப்பில் நாற்காலி போட்டு வள்ளியப்பன் செட்டியார் உட்கார்ந்திருந்தார். எழுபது வயது, மடிப்புக் கலையாத வேட்டி. பக்கத்தில் சத்தியமூர்த்தி, கையில் அரக்கு வைத்து ஒட்டிய கவர்.

"கோயம்புத்தூர் பார்ட்டி வர முடியல. கவரைக் குடுத்து விட்டுருக்காரு. அம்மா, உங்க கவரைக் குடுங்க, மொதல்ல அதைப் பிரிப்போம்."

"மொதல்ல அவர் கவரைப் பிரிங்க," என்றார் ஞானசம்பந்தம்.

"அது எப்படிங்க, முறைனு ஒண்ணு…"

பேசிக்கொண்டிருக்கும்போதே பெல்சி அவர் கையிலிருந்த கவரை உருவி வள்ளியப்பனிடம் நீட்டிவிட்டாள். அவர் அரக்கை உடைத்துத் தாளைப் பிரித்தார். திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் வெள்ளை.

"கோயம்புத்தூர்க்காரர் ரொம்பச் சிக்கனம் அய்யா. மையைக்கூடச் செலவு பண்ணல," என்றாள் பெல்சி.

வள்ளியப்பன் தரகரை நிமிர்ந்து பார்த்தார். சத்தியமூர்த்தி சட்டைப் பையிலிருந்த நாலு பேனாவையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, போன் வந்ததாகச் சொல்லித் தெருவில் இறங்கினார். போன் அடித்ததை யாரும் கேட்கவில்லை. அவர் திரும்பி வரவும் இல்லை.

"இவன் என்னையும் ஏமாத்திட்டான்," என்றார் வள்ளியப்பன். "நீங்க என்ன எழுதியிருக்கீகம்மா?"

"இன்னும் எழுதல அய்யா. எத்தனை பங்குக்குனு சொல்லுங்க, எழுதுறேன்."

"மூணு."

மாரீஸ்வரி விடவில்லை. "பொங்கலுக்கு நாலு அடுப்பு வச்சீகளே?"

வள்ளியப்பன் வளவுப் பக்கம் திரும்பி, அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்தார். அவர் முகம் ஒரே நொடியில் எண்பது வயது முகமாகிவிட்டது.

"என் கடைசித் தம்பி, அழகுசுந்தரம்," என்றார். "முப்பது வருஷத்துக்கு முன்னால எதிர்வீட்டுக் கருப்பியைக் கோயில்ல வச்சுத் தாலி கட்டிட்டு வந்தான். நாங்க உள்ள விடல. தெருவைத் தாண்டிப் போயி அங்கேயே இருந்து, நாலு வருஷத்துக்கு முந்தி செத்தும் போனான். கல்யாணப் பத்திரம் ஏதும் கிடையாது, பேரை விட்டுருங்கனு இந்தச் சத்தியமூர்த்திதான் சொன்னான். நானும் தாலுகா ஆபீசுல மூணுனு எழுதிக் குடுத்துட்டேன். பானை வைக்கிறப்ப மட்டும் முடியலம்மா. சாமி முன்னால ஒரு அடுப்பைக் குறைக்க எனக்குக் கை வரல."

"அந்தப் பானைப் பொங்கலை என்ன பண்ணுனீக?" என்று கேட்டது வேறு குரல். கருப்பி நிலைப்படிக்கு வெளியே நின்றிருந்தாள்.

"மாட்டுக்கு வச்சேன்," என்றார் வள்ளியப்பன், தலை நிமிராமல்.

"அம்பதடி தூரந்தான். எனக்குக் குடுத்திருக்கலாம்."

அவர் அழுதார். மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஞானசம்பந்தம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நாலாவது கையெழுத்து இல்லாமல் இந்த வீட்டுக்கு விலையே கிடையாது என்று மட்டும் சொன்னார்.

"கையெழுத்துப் போடும்மா. உன் பங்குக் காசை நான் கையில தர்றேன்," என்றார் வள்ளியப்பன்.

"எனக்குக் காசு வேணாம். அவுக பங்கா எனக்கு இந்த வீட்டுச் சமையல்கட்டைக் குடுங்க. நான் உள்ள வந்து உலை வைக்கணும்னு சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாக."

எதற்காக மாரீஸ்வரி இந்த வீட்டை வாங்க அலைந்தாளோ, அந்தச் சமையல்கட்டே போகிறது. எதிர்வீட்டில் அத்தனை நேரம் பேசியபோது கருப்பி இதைச் சொல்லவே இல்லை. சமையல்கட்டு இல்லாத வீட்டை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? உதவி கேட்டு ஞானசம்பந்தத்தைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. தாளை எடுத்துத் தொடையில் வைத்தாள்.

"அக்கா, சமையல்கட்டு உங்களுக்கே. அதுல நூறு பேருக்குச் சமைக்க என்னையும் விடுவீகளா? நீங்களும் என் கூட நின்னு உலை வைப்பீகளா? வருமானத்துல உங்களுக்கும் பங்கு."

கருப்பி ஒரே ஒரு தடவை, சரி என்று தலையை ஆட்டினாள்.

"அப்படின்னா நான் மூணு பங்குதான் வாங்கணும்," என்று வள்ளியப்பனிடம் திரும்பினாள் மாரீஸ்வரி. "நீங்க கேட்ட முப்பத்து நாலு, கூரை நல்லா இருந்தா சரியான விலை அய்யா, நான் குறை சொல்லல. கூரைக்கு ஆறைக் கழிங்க. இருபத்தெட்டு. பங்குக்கு ஏழு. உங்க மூணு பேருக்கும் இருபத்தொண்ணு."

யாரிடமும் கேட்காமல் தாளில் இருபத்தொன்று என்று எழுதினாள். கவரில் போடவில்லை. அப்படியே நீட்டினாள்.

வள்ளியப்பன் மலேசியாவுக்குப் போன் போட்டார். முதல் தம்பி கத்தியது முகப்பு முழுக்கக் கேட்டது. இரண்டாவது தம்பி, "அழகுசுந்தரம் பொண்டாட்டி உள்ள வந்துருச்சா?" என்று மட்டும் கேட்டு, சரி என்றார். அவர் சரி என்றதும் முதலாமவரும் அடங்கினார். வள்ளியப்பன் பெல்சியிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கி, மாரீஸ்வரியைத் தாண்டிப் போய், நிலைப்படிக்கு வெளியே நின்றவளிடம் நீட்டினார்.

"உள்ள வா."

கருப்பி வலது காலை எடுத்து வைத்தாள். யாரையும் பார்க்காமல் வளவைக் கடந்து சமையல்கட்டுக் கதவுக்கு நேராகப் போனாள். கொண்டை ஊசியால் பூட்டிலிருந்த குளவி மண்ணைக் குத்திக் குத்தி எடுத்தாள். சாவி திரும்பியது. உள்ளே விழுந்து கிடந்த ஓட்டுக் குவியல் மேல் நின்று, கூரைச் சட்டங்களை முப்பது வருஷச் சித்தாள் கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு கழியை எடுத்துத் தட்டிச் சத்தம் கேட்டாள். மாரீஸ்வரி வாசலில் நின்று பார்த்தாள்.

"சட்டம் ஒண்ணும் உளுத்துப் போகல. ஓடும் அதைத் தாங்குற ரீப்பர்க் கட்டையும்தான் போயிருக்கு," என்றாள் கருப்பி. "இதுக்கு ஆறு லட்சம்னு சொன்ன கொத்தன் யாரு தாயி?"

"ஏங்கக்கா?"

"அவனை வரச் சொல்லாத. மூணரை லட்சத்துக்கு நானே ஆள் வச்சு முடிச்சுத் தர்றேன்."

மாரீஸ்வரி பாண்டியராஜனுக்குப் போன் போட்டாள். அவன் "என்னாச்சு, எவ்வளவு எழுதுன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். "இருபத்தொண்ணுங்க. கூரை போட்டும் மூணரை மிஞ்சும்," என்று அவள் அழுதுகொண்டே சொன்னாள்.